நூற்றுப் பதினொன்று, பன்னிரண்டு

அருள்ஜோதி,
இரண்டு புத்தகம் அனுப்புகிறேன்,
பொலித்தீனில் சுற்றி, மஸ்கெலியா பஸ் கண்டக்டர் கையில்.
கேட்டு வாங்கு. விட்டால்
நோர்வூட் தாண்டுவதற்குள் அவனே பிரித்துவிடுவான்.
போன தடவை திரும்பி வந்தது
பக்க ஓரமெல்லாம் வடை எண்ணெயோடு.

முதலாவது பக்திக் கதை.
அட்டையைப் பார்த்து முகம் சுளிக்காதே,
அந்த ஒளிவட்டத்தைக் கீறியவன்
உள்ளே ஒரு வரியும் வாசித்திருக்கமாட்டான்.
அற்புதம் ஒன்றும் நடக்காது.
முடவன் முடவனாகவே இருக்கிறான்.
ஒரு தாதி, இராப்பணியில்,
கட்டில் கட்டிலாக நின்று
ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வேண்டுகிறாள்.
பாதிப்பேர் செத்துப்போகிறார்கள்.
அவள் மறுநாளும் வருகிறாள்.

நான் சாமி கும்பிடுவது
கடைப் பூசையன்று மட்டும், உனக்குத் தெரியும்.
ஆனாலும் அந்த 'மறுநாளும்' என்ற இடத்தில்
கண்ணை எடுக்க முடியாமல்
யாரோ ஒருவரின் அடையாள அட்டையைப்
பதினேழு கொப்பி அடித்துவிட்டேன்.
இரண்டுதான் கேட்டார் மனுசன்.

பங்குனியில் நீர்த்தேக்கம் வற்றினால்
பழைய மஸ்கெலியாக் கோயில் மேலே வருமே,
சேறு அப்பிய தூண், கதவில்லாத வாசல்.
சனம் இறங்கிப் போய்க் கற்பூரம் கொளுத்தும்,
அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தே.
அப்படி ஒரு புத்தகம். வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது காதல் நாவல்.
எனக்கு வெட்கம், வேகமாகச் சொல்லி முடிக்கிறேன்.
அவன் ரயில் கடவைக் காவலாளி, அவள் கணக்கு டீச்சர்,
நடுவில் ஒரு இடமாற்றக் கடிதம்.
பக்கத்துக்குப் பக்கம் மழை.
மழை விட்ட பக்கத்தில் யாராவது அழுகிறார்கள்.
நீயும் அழுவாய். தள்ளி இருந்து அழு,
அச்சு மட்டம், மை கரையும்.

ஒரு குறை: நூற்றுப் பதினொன்றும் பன்னிரண்டும் இல்லை.
நூற்றுப் பத்தில் அவள் கதவைத் திறக்கிறாள்.
நூற்றுப் பதின்மூன்றில்
மேசையில் இரண்டு கோப்பை,
ஒன்றில் தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடக்கிறது.
இடையில் என்ன பேசினார்கள்?

வாசித்தவர்கள் ஆளுக்கொரு தாள் எழுதிச் செருகிவிட்டோம்.
கொட்டகலைத் தபாற்கந்தோர் மரியசீலன்
அவனை மூன்று முறை மன்னிப்புக் கேட்க வைத்தார்.
பஸ்மியா டீச்சர் தான் எழுதவில்லை,
மரியசீலனின் எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டார்.
சிஸ்டர் கொன்சீலியா தாதிக் கதைக்குத்தான் வந்தார்,
இதையும் சேர்த்துக் கொண்டுபோனார்.
அவருடைய தாள் மட்டும் பென்சிலில்,
அழிக்க வசதியாக.
கட்டுநாயக்காவிலிருந்து தீபாவளிக்கு வந்த புவனலோஜினி
இருவரையும் பேசவே விடவில்லை.
'அவன் சப்பாத்தைக் கழற்றினான்.'
ஒரே வரி.
இன்றைக்கும் அதுதான் எனக்குப் பிடித்தது.

நானும் எழுதினேன்.
பிறகு உருவி எடுத்துவிட்டேன்.
அதில் ஒரு உண்மைப் பெயர் வந்துவிட்டது.

போன மாதம் சொல்லியனுப்பினாய்,
'ஒன்றும் வேண்டாம், கண் எழுத்தில் நிற்கவில்லை' என்று.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்காமலேயே கண்டக்டர் சொன்னான்,
தொட்டிலைத் திருப்பிக் கொடுக்க
நீங்கள் இருவரும் அவன் பஸ்ஸில்தான் வந்தீர்களாம்.
டிக்கெட் போடவில்லை என்றான்.
அதற்குமேல் அவனுக்கும் பேச்சு வரவில்லை.

அதனால் வழக்கமாகச் சொல்கிற ஒழுங்கை மாற்றுகிறேன்.
தாதியை இப்போது திறக்காதே.
அவள் இருக்கட்டும், அலமாரியில், அட்டை உள்பக்கமாக.
காதலைப் பிடி முதலில்.
தினம் நாலு பக்கம், அடுப்படியில் நின்றபடி,
சோறு கொதிக்கிற நேரத்துக்கு.
பிடிக்காவிட்டால் அவரிடம் கொடு.
ஆம்பிளைகள் வாசிக்கமாட்டார்கள் என்பது பொய்,
மரியசீலனைக் கேள்.

நூற்றுப் பத்துக்குப் பின்னால்
ஒரு வெறுந்தாள் மடித்து வைத்திருக்கிறேன்.
கடைத் தாள்தான், கணக்கில் ஏற்றவில்லை.
எழுதினால் எழுது.

திருப்பி அனுப்ப அவசரமில்லை.
பொகவந்தலாவையில் ஒருத்தி இரண்டுக்கும் காத்திருக்கிறாள்.
தபாலில் தொலைந்துவிட்டது என்று
அவளுக்குச் சொல்லியாயிற்று.